சாவி கைமாறிய நேரம்

அன்று அந்த வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டை விற்ற டைம்கீப்பர், பல்செட் செய்யும் அவருடைய தம்பி, தம்பி மனைவி, வீட்டை வாங்கிய சிமென்ட்காரர், அவர் மனைவி, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிய தரகர், லாரி மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும், எதிர்வீட்டுத் தையல்காரர். போகிற போக்கில் பார்த்தவர்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. பிற்பாடு, நானும் பார்த்தேன், நானும் நின்றேன் என்று சொல்லித் திரிந்தவர்கள் எல்லாம் அந்த நேரத்தில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

டைம்கீப்பர் என்பது பட்டப்பெயர் இல்லை. அது அவர் பார்த்த வேலை. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் நேரம் குறித்தவர். அவர் கையெழுத்து விழுந்தால்தான் வண்டி வாசலைத் தாண்டும். முதுகுக்குப் பின்னால் டிரைவர்கள் என்ன சொன்னார்களோ, எதிரில் நின்று "ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்துக்கறேம்மா" என்று கேட்ட தைரியசாலி ஒருவனும் கிடையாது. அந்த அம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்தார், அவருக்கு ஒரு குடும்பத்தை அமைத்துக் கொடுத்தார், இந்த வீட்டைக் கட்டினார். மூன்று பேரும் இருபத்தேழு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் அவர் சொல் மறுபேச்சில்லாமல் செல்லும்.

தம்பி வேலை பார்த்த பட்டறை நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. தினம் இரண்டு பஸ் மாறிப் போய் வந்ததில் அவருக்கு முதுகு விட்டுப்போயிற்று. மறுகோடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் வீட்டை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் டைம்கீப்பர் நேரில் போய்ப் பேசி முடித்தார். இதை விற்று அதை வாங்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். இங்கே வருகிற கடைசித் தொகைதான் அங்கே போகிற கடைசித் தொகை. இதிலெல்லாம் அவருக்கு வேர்க்கவே இல்லை. தினம் நூற்று நாற்பது பஸ்ஸை உள்ளே விட்டு வெளியே அனுப்பியவருக்கு இரண்டு வீடு எம்மாத்திரம்?

வீடு பார்க்க வந்தவர்களில் சிமென்ட்காரர் நான்காவது ஆள். மனைவியோடு வந்தார். ஹாலில் நின்று சுவரை விரல் முட்டியால் தட்டினார். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

டைம்கீப்பர் அவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியிருந்தது, தலை முழுக்க வழுக்கை, தொப்பை வேறு. ஆனால் இந்தத் தட்டை அவர் நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வாடகைக்கு ஒரு வீடு பேசி, முன்பணம் கொடுத்து, காலை பத்து மணிக்குச் சாமான்களோடு போய் இறங்கினார்கள். பழைய வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. வண்டிக்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். புது வீடு காலியாகத்தான் கிடந்தது. வாசலில் வீட்டுக்காரரின் மகன் நின்றிருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். அப்போதுதான் வாடகை வீடுகளின் பொறுப்பு அவன் கைக்கு வந்திருந்தது. கதவு நிலையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே, "நாலு மணிக்குத்தானே பேச்சு?" என்றான்.

"வீடு காலியாத்தானே தம்பி இருக்கு" என்றார் அப்பா.

"காலியா இருந்தாலும் என் வீடு. நாலு மணின்னா நாலு மணிதான்." கொஞ்சம் நிறுத்தி, தெருவில் நின்ற நான்கைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி, "வீடு இல்லாதவங்களுக்கு வெயில் புதுசா என்ன?" என்றான்.

அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குழாயும் நாலு மணிக்குத்தான் என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

ஆறு மணி நேரம். அப்பா உட்காரவில்லை, யாரையும் உட்காரவும் விடவில்லை. "தெருவுல உட்கார்ந்தா தெருவுலதான் இருக்கணும்" என்றார். ஒன்பது வயதுத் தம்பிக்குத் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிற வழக்கம் இருந்தது. அவனுடைய மெத்தை, கறைகளோடு, ஊருக்கே தெரிகிற மாதிரி பாத்திர மூட்டையின் மேல் கிடந்தது. அம்மா அதைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கம் இன்னும் மோசம். வாசலில் நின்றவன் அதைப் பார்த்து, "உலக மேப்பே இருக்கு போல" என்றான். அன்றிலிருந்து அந்தத் தெருவில் தம்பிக்குப் பெயர் மேப்பு. பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பெயர் போயிற்று. ஏழாம் வகுப்பில் ஒரு வாத்தியார்கூட அப்படிக் கூப்பிட்டார். வேறு வீடு கிடைத்து அந்தத் தெருவை விட்டுப் போகிறவரைக்கும் அப்பா வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவே இல்லை.

இப்போது அவன் இந்த ஹாலில் நின்று, "செங்கல் நல்ல செங்கல். கட்டினவங்க விவரமானவங்க" என்கிறான்.

"நான்தான் கட்டினேன்" என்றார் டைம்கீப்பர்.

அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் மனைவி மட்டும் டைம்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி போல, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு முந்தின வாரம் வந்த ஒரு பேங்க் மேனேஜர் இதைவிட நல்ல விலை சொல்லியிருந்தார். டைம்கீப்பர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டைச் சிமென்ட்காரருக்கே பேசி முடித்தார்.

"ஏன் அண்ணி, அந்த மேனேஜருக்கு என்ன குறைச்சல்?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"பிடிக்கலை."

"ஆளையா, விலையையா?"

"சட்டையை."

இதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். தம்பியிடமும் அவர் சொல்லவில்லை. தம்பி இளகின மனசு. எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற ரகம். சொன்னால், போகட்டும்க்கா, அதெல்லாம் பழைய கதை என்பார். அது பழைய கதையா இல்லையா என்று முடிவு செய்கிற வேலையை டைம்கீப்பர் யாரிடமும் ஒப்படைக்கத் தயாராக இல்லை.

திட்டத்தைக் காதும் காதும் வைத்தாற்போல முடித்தார். ஒப்பந்தத்தில் எட்டாவது பத்தியாக, குறிப்பிட்ட நாளில் மாலை நான்கு மணிக்குச் சாவி ஒப்படைக்கப்படும், அதுவரை வீடு விற்பவர் வசம் இருக்கும் என்று எழுத வைத்தார். சிமென்ட்காரர் கண்ணாடியைக்கூட எடுக்காமல் கையெழுத்துப் போட்டார். அவரும் தன் பழைய வீட்டை விற்றிருந்தார்; அதே நாள் காலை எட்டு மணிக்கு அதைக் காலி செய்தாக வேண்டும். இது தெரிந்த பிறகுதான் டைம்கீப்பர் தரகரைக் கூப்பிட்டு, "எதுக்கு ரெண்டு லாரி? ஒரே லாரியில அவங்க சாமான் வரட்டும். இறக்கிட்டு அதுலயே எங்க சாமான் போகட்டும்" என்றார். சிமென்ட்காரருக்குச் சிக்கனம் என்றால் உயிர். "நல்ல யோசனைக்காரம்மா" என்று தரகரிடம் மெச்சிக்கொண்டாராம்.

அப்புறம் பத்து நாள் டைம்கீப்பர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். எந்த அறை எத்தனை மணிக்குக் காலியாக வேண்டும், எந்தப் பெட்டி லாரியில் அடியில் போகும், எது கடைசியில் ஏறும், கண்ணாடிச் சாமானுக்கு எத்தனை போர்வை வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. பெட்டிகளுக்குத் தடம் எண் மாதிரி எண் கொடுத்தார். 12A சமையலறை, 12B பூஜை அலமாரி, 7 தம்பி துணிகள். "ஏழாம் நம்பர் எப்ப புறப்படும் அண்ணி?" என்று தம்பி மனைவி கிண்டல் செய்துகொண்டே கட்டினாள். பத்து மணியிலிருந்து நான்கு மணி வரைக்குமான கட்டத்தில் அவர் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். தம்பி மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, 'அவன் நிற்பான்'? யாரு?" என்றாள்.

"லாரிக்காரன்" என்றார் டைம்கீப்பர்.

அந்த நாள் வந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாரி வந்து நின்றது. பின்னாலேயே வாடகைக் காரில் சிமென்ட்காரரும் மனைவியும் தரகரும். டைம்கீப்பர் கேட்டுக்கு உட்புறம் ஒரு நாற்காலி போட்டு, மடியில் ஒப்பந்தத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு குடம் தண்ணீர், நான்கு டம்ளர்.

"கேட்டை நல்லாத் திறந்து விடுங்கம்மா. எல்லாத்தையும் போர்ட்டிகோவுல இறக்கிட்டா நீங்க பாட்டுக்கு உங்க சாமானை ஏத்தலாம்" என்றார் சிமென்ட்காரர்.

"நாலு மணிக்குத் திறப்பேங்க."

"என்னது?"

"எட்டாவது பத்தி. கீழேயே உங்க கையெழுத்து இருக்கு. படிக்கட்டுமா, நீங்களே படிக்கிறீங்களா?"

சிமென்ட்காரர் சிரித்தார். "அதெல்லாம் ஒரு பேச்சுக்கு எழுதறதும்மா."

"நான் பேச்சுக்கு எதுவும் எழுதறதில்லைங்க."

தரகர் நடுவில் வந்து கையைப் பிசைந்தார். "அம்மா, பெரிய மனுஷர், வயசானவரு, இந்த வெயில்ல..."

"எனக்கும்தான் வயசாகுது. நீங்க ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கினவராச்சே தரகரே. தெருவுல ரெண்டு பக்கமும் மரம் இருக்கு. எந்தப் பக்கம் வசதியோ நின்னுக்குங்க."

லாரி காலியானால்தான் இந்த வீட்டுச் சாமான் ஏறும். மேஸ்திரி இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்கு அவர் அவசரம். "இறக்குங்கப்பா" என்றார்.

சிமென்ட்காரரின் குடித்தனம் முழுவதும் தெருவுக்கு வந்தது. முதலில் சோபா, அப்புறம் பீரோ, கண்ணாடி உடைந்த டிரெஸ்ஸிங் டேபிள், பிரிக்காமலே வைத்திருந்த பரிசுப் பொட்டலங்கள், காலொடிந்த கட்டில், ஒரு மூட்டை நிறையப் பழைய செருப்பு. ஒரு ஆள் தட்டில் வைத்து ஒரு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். அதற்குள் ஒரு பல்செட். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர் அதைப் பார்த்ததும் நின்றார். தொழில் புத்தி. "யாரோடதுங்க இது? தண்ணி பத்தலை. காய்ஞ்சா வளைஞ்சு போயிடும்" என்று குடத்திலிருந்து மொண்டு ஊற்றி, டம்ளரை நிழலில் நகர்த்தி வைத்தார்.

"ஸ்பேர் செட்டு. ரொம்ப நன்றி தம்பி" என்றார் சிமென்ட்காரர்.

டைம்கீப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் வீடு காலி. லாரியின் முன் இருக்கையில் தம்பியும் மனைவியும் ஏறிக்கொண்டு புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். டைம்கீப்பர் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்பத்தான் வீடே காலியாயிடுச்சே!" என்று சிமென்ட்காரர் கத்தினார்.

"காலியா இருந்தாலும் என் வீடு."

சிமென்ட்காரர் கொஞ்ச நேரம் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடுங்க, எட்டாவது பத்தியை அவங்களும் படிக்கட்டும்" என்றார் டைம்கீப்பர். சிமென்ட்காரர் வக்கீலுக்குப் போன் செய்தார். வக்கீல் என்ன சொன்னாரோ, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். நடுத்தெருவில், ரெக்ஸின் சோபாவில், கால்மேல் கால் போட்டு. ஐந்து நிமிஷத்தில் ரெக்ஸின் சுட்டு எழுந்துவிட்டார்.

"தண்ணி வேணும்னா சொல்லுங்க. இருக்கு" என்றார் டைம்கீப்பர். தண்ணீர் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. சிமென்ட்காரர் கேட் கம்பிகளுக்கு நடுவில் கையை நீட்டி டம்ளரை வாங்கிக் குடித்தார். கம்பிகளுக்குள் நீண்டிருந்த அந்தக் கையை டைம்கீப்பர் கண்கொட்டாமல் பார்த்தார். நாற்பத்தோரு வருஷத்தில் அவருக்கு அன்றுதான் தொண்டைக்குள் இருந்த முள் கொஞ்சம் அசைந்தது.

சிமென்ட்காரர் மனைவி மட்டும் மரத்தடியில் நின்றிருந்தாள். நிற்க முடியாமல் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினாள். டைம்கீப்பர் எழுந்து கேட்டைத் திறந்தார். "நீங்க உள்ள வந்து உட்காருங்க. விருந்தாளியா வாங்க. அவர் நாலு மணிக்கு வரட்டும்."

அவள் வந்தாள். கேட் மறுபடி பூட்டப்பட்டது.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, இங்க ஒரே கூத்து. தபால்காரர் நல்லவருதான். ஆனா அவர் மக, கடைசித் தொகைக்கான பேங்க் டிராஃப்ட் கைக்கு வந்தாத்தான் சாவின்னு சொல்லிட்டா. மேஸ்திரி ஒரு மணிக்கு வேற சவாரி ஒத்துக்கிட்டிருக்காராம். சாமானை ரோட்டுல இறக்கிட்டுப் போறேங்கிறார். நீங்க போட்ட கட்டத்துல நம்ம லாரி எங்க நிக்கும்னு எழுதவே இல்லையே?"

டைம்கீப்பர் கட்டம் போட்ட தாளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. அவர் கையெழுத்துப் போடும்வரை வண்டி நிற்கும் என்பது முப்பத்தோரு வருஷத்தில் அவர் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். லாரிக்கு வேறு ஒரு முதலாளி இருக்கிறான், அதற்கும் ஒரு கெடு இருக்கிறது என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. சிமென்ட்காரர் நிற்க வேண்டிய ஒவ்வொரு நிமிஷத்தையும் எழுதியவர், தன் வீட்டார் எங்கே நிற்பார்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டார்.

தபால்காரர் பெயருக்கே எடுத்த அந்த டிராஃப்ட் சிமென்ட்காரரின் சட்டைப்பையில் இருக்கிறது. சாவியைக் கொடுத்தால் இந்த நிமிஷமே கைக்கு வரும். ஒன்றரை மணிக்குள் புது வீடு திறந்துவிடும். கொடுக்காவிட்டால் அப்பா பட்ட அதே அவமானம், அதே தம்பிக்கு, இரண்டாவது தடவை. இந்தத் தடவை அதைச் செய்வது சிமென்ட்காரர் இல்லை, அக்கா.

போனில் தம்பியின் குரல் வந்தது. "ஏன்க்கா, அவங்க சாமானும் தெருவுலதானே கிடக்கு. சாவியைக் குடுத்துட்டு வந்துடேன். மூணு மணி நேரத்துல என்ன குடி முழுகிடப் போகுது?"

டைம்கீப்பர் எழுந்து உள்ளே, காலி ஹாலுக்குப் போனார். அங்கே அவர் குரல் எதிரொலித்தது.

"அந்த ஆள் யாருன்னு தெரியுமா?"

"சிமென்ட்காரர்."

"நமக்கு நாலு மணி சொன்னவன்டா. வாசல்ல நின்னு உனக்குப் பேர் வெச்சவன்."

 அந்தப் பக்கத்துத் தெருவில் ஏதோ வண்டி போகிற ஒலி கேட்டது. தம்பி மனைவி என்னங்க, என்னங்க என்று கேட்பதும் கேட்டது. டைம்கீப்பர் காத்திருந்தார். தம்பி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துவிடுவார். அந்த முடிவுக்கு வந்துவிட்டார். அப்பாவின் மானம் பெரியதுதான். ஆனால் பட்டது இவன். நிறுத்தச் சொல்ல உரிமையுள்ள ஒரே ஆளும் இவன்தான்.

"மணி என்ன இப்ப?" என்றார் தம்பி.

"ஒண்ணுக்குப் பத்து நிமிஷம்."

"நாங்க நின்னுக்கறோம். நீ நாலு மணிக்குக் குடுத்துட்டு வா." பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிச் சொன்னது கேட்டது: "இறக்குங்க மேஸ்திரி. முதல்ல மெத்தையை இறக்குங்க."

எறும்புக்கு வழிவிடுகிற தம்பிதான். டைம்கீப்பர் போனை வைத்துவிட்டு ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். கண் கலங்கியது என்று சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தில் கண் சீக்கிரம் கலங்குவதில்லை.

திரும்பினால் சிமென்ட்காரர் மனைவி ஹால் வாசலில் நிற்கிறாள்.

"கேட்டுட்டீங்களா?" என்றார் டைம்கீப்பர்.

"கேக்காமலே தெரியும்மா. வீடு பார்க்க வந்த அன்னிக்கே உங்களை அடையாளம் தெரிஞ்சுபோச்சு. அப்ப நான் கல்யாணமாகி மூணு மாசம். பக்கத்துல எங்க வீட்டு மாடி ஜன்னல்ல நின்னு முழுக்கப் பார்த்தேன். பச்சைத் தாவணி போட்டுட்டு ஒரு பொண்ணு, கடைசி வரைக்கும் தலையைக் குனியவே இல்லை."

டைம்கீப்பர் ஜன்னல் விளிம்பை விட்டுவிட்டு அவள் அருகில் வந்தார்.

"அவருக்கு வேற ஒரு வீடுதான் பிடிச்சிருந்தது. நான்தான் இதுவே வேணும்னு பிடிவாதம் பிடிச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியலை. ஏதாவது செய்வீங்கன்னு தோணுச்சு." அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு முடியலைன்னு ஆள் வந்தப்ப மத்தியானம் மணி மூணு. இவர் கடை சாத்தற நேரம் எட்டு, எட்டு மணிக்கு அப்புறம் போகலாம்னார். எட்டுன்னா எட்டுதான்னார். நான் போய்ச் சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு நாள்கூட அவர் பேசினதில்லை. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"மூணு மணி நேரம்."

"நல்லது" என்றாள் அவள். "மின்விசிறி போடலாமா?"

இரண்டு பேரும் காலி ஹாலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சிமென்ட்காரர் ஒவ்வொரு மரத்தடியாக மாறினார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். தையல்காரர் கொண்டுவந்து கொடுத்த முக்காலியில் அவர் உட்காரவில்லை. தெருவில் போகிறவர்கள் பீரோவைப் பார்த்தார்கள், செருப்பு மூட்டையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். ஜப்தியா என்று ஒருவன் கேட்டான். இல்லப்பா, வீடு வாங்கியிருக்கேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. இரண்டு மணிக்கு அவர் கேட்டருகே வந்து, "ஏய், நீயாவது சொல்லேன்" என்று மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து அவள், "எழுதினது எழுதினதுதானேங்க" என்றாள்.

மூன்றரைக்கு அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். கேட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேட்டருகே போட்ட நாற்காலிக்குத் திரும்பி வந்திருந்த டைம்கீப்பர் அவரை முழுசாகப் பார்த்தார். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வராததில் அவருக்கு வெட்கமும் இல்லை.

நான்கு மணி ஆயிற்று. டைம்கீப்பர் எழுந்து கேட்டைத் திறந்தார். டிராஃப்டை வாங்கினார். பெயரையும் தொகையையும் சரிபார்த்தார். சாவிக் கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நாலு மணின்னா நாலு மணிதான்" என்றார்.

சிமென்ட்காரர் ஏறிட்டுப் பார்த்தார். "இந்தப் பேச்சை எங்கயோ..."

"நீங்க பேசினதுதான்" என்றாள் பின்னால் வந்த மனைவி. "தெருமுனை வாடகை வீடு. பிழை திருத்தறவர் குடும்பம். ஞாபகம் வருதா?"

அவர் யோசித்தார். முகத்தில் மெல்ல ஏதோ எழுந்தது. "அந்த மெத்தை... மேப்பு..." உதடு சிரிப்புக்காகக் கோணியது. பிறகு தெருவில் கிடந்த தன் கட்டிலையும் செருப்பு மூட்டையையும் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. தலை கவிழ்ந்தது. அதைத்தான் டைம்கீப்பர் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டார். நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், தான் வரச்சொல்லியிருந்த வாடகைக் காரில் ஏறினார்.

புது வீட்டுத் தெருவில் அவர்களுடைய சாமான் எல்லாம் வரிசையாகக் கிடந்தது. 12A, 12B, 7. மெத்தை தபால்காரர் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் தம்பி நின்றிருந்தார். முகம் கருத்துப் போயிருந்தது. தம்பி மனைவி குடையோடு வந்தாள்.

"வாங்க அண்ணி. நம்ம பீரோவுக்குள்ள என்ன இருக்குன்னு இந்தத் தெருவுல தெரியாதவங்க யாரும் இல்லை. ரோட்டுக் குடும்பம்னு பேரும் வெச்சாச்சு. எனக்கு விஷயத்தை முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு குடை கொண்டுவந்திருப்பேன்."

தம்பி ஒன்றுதான் கேட்டார். "நின்னானா?"

"நின்னான்."

"உட்காரலையே?"

"உட்கார்ந்தான். சூடு தாங்காம எழுந்துட்டான்."

தம்பி தலையை ஆட்டினார். "நாங்க உட்காரலை" என்றார். பிறகு மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, அக்கா டிராஃப்டைக் கொடுத்துச் சாவியை வாங்கிக் கதவைத் திறக்கட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

சிமென்ட்காரர் மூன்றரை மணிக்கு டைம்கீப்பர் காலில் விழுந்ததாகவும், அவர் மனம் இளகி அப்போதே கேட்டைத் திறந்துவிட்டதாகவும் எதிர்வீட்டுத் தையல்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிமென்ட்காரர் விழவில்லை. டைம்கீப்பர் இளகவும் இல்லை. கேட் திறந்தது நான்கு மணிக்கு.